கறையான் புற்றுக்கு வந்த காய்ச்சல்

குளக்கரையில் ஒரு வெட்பாலை மரம் நின்றது. அதன் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு செம்மண் புற்று. அதற்குள் லட்சம் கறையான்கள் வாழ்ந்துவந்தன. அத்தனையும் ஒரே தாயின் பிள்ளைகள்.

அந்தக் கறையான்களுக்குக் கண் கிடையாது. இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே வாழ்கிறவர்களுக்குக் கண் எதற்கு? வாசனையை வைத்தும், தொட்டுப் பார்த்தும், தரையின் அதிர்வை வைத்தும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார்கள்.

புற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. கொத்தனார்கள் மண்ணை எச்சிலில் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். தோட்டக்காரர்கள் காளான் வளர்த்தார்கள். தாதிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் பார்த்துக்கொண்டார்கள். வீரர்கள் வாசல்களில் காவல் நின்றார்கள். வீரர்களுக்குப் பெரிய தலை. இடுக்கி போன்ற தாடை. அந்தத் தாடையால் கடிக்க முடியும், தின்ன முடியாது. யாராவது வாயோடு வாய் வைத்து ஊட்டினால்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

இவர்கள் போக இன்னொரு சிறு கூட்டம் இருந்தது. மொத்தம் முப்பத்தாறு பேர். விழுங்கிகள் என்று அவர்களைச் சொல்வார்கள். உயிர் போனவர்களைத் தின்று தீர்ப்பது அவர்கள் வேலை.

கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பக்கமும் மூடிய புற்றுக்குள் ஒரு உடம்பு கிடந்தால் என்ன ஆகும்? அழுகும். பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் காளான் தோட்டத்துக்குப் போகும், பிறகு முட்டைகளுக்குப் போகும். விழுங்கிகளின் வயிற்றுக்குள் போன பூசணம் மட்டும் பிழைப்பதில்லை. அப்படி ஒரு வயிறு அவர்களுக்கு.

அந்த விழுங்கிகளில் ஒருத்தி தும்பை.

தும்பை தன் வேலையில் மிகவும் கவனமானவள். உயிர் போகும் தறுவாயில் இருக்கும் கறையானின் உடம்பிலிருந்து ஒரு புளித்த வாசனை வரும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு அவள் போவாள். பக்கத்தில் நின்று தன் உணர்கொம்பால் மூன்று முறை மெதுவாகத் தொடுவாள். உயிர் இருந்தால் அந்தக் கறையான் முன்காலை அசைக்கும். 'நான் இருக்கிறேன், நீ போ' என்று அதற்கு அர்த்தம். அசைத்துவிட்டால் தும்பை திரும்பிப் போய்விடுவாள். ஒரு நாளும் அவள் அவசரப்பட்டதில்லை.

அவள் ஒருவரைத் தின்று எடுத்து முடித்ததும் அவள் உடம்பிலிருந்து மழை நின்ற மண்ணைப் போல ஒரு மெல்லிய வாசனை எழும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் மனம் ஏனோ அடங்கும். அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியாது.

இருந்தாலும் சுரங்கப் பாதையில் தும்பை வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். வெறுப்பு இல்லை, பயம். தன்னைத் தொட்டுவிடுவாளோ என்ற பயம்.

ஒதுங்காத ஒருவன் இருந்தான். கிழக்கு வாசலில் காவல் நின்ற இளம் வீரன் செந்தலை. ஒரு நாள் அவனுக்கு ஊட்ட வேண்டியவள் வரவில்லை. அந்த வழியாகப் போன தும்பையை அவன் கூப்பிட்டான்.

"அக்கா, ரொம்பப் பசிக்குது. கொஞ்சம் ஊட்டிட்டுப் போயேன்."

"நான் விழுங்கி, தம்பி. வாசனை தெரியலையா?"

"தெரியுது. உன் வாயில காளான் இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

தும்பை சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அவள்தான் அவனுக்கு ஊட்டினாள். அவன் ஓயாமல் பேசுவான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வருடத்தின் முதல் மழை பெய்த மறுநாள் காலை, ஒரு கரடி குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. மழையில் ஊறி மெத்தென்று இருந்த புற்றை மோப்பம் பிடித்தது. நீண்ட நகங்களை வைத்துக் கிழக்குச் சுவரை இரண்டே இழுப்பில் பிளந்துவிட்டது. உள்ளே வெயிலும் காற்றும் பாய்ந்தன.

வீரர்கள் தலையைத் தரையில் தட்டினார்கள். அதுதான் அவர்களுடைய அபாயச் சத்தம். ஒருவன் தட்டுவதைக் கேட்டு அடுத்தவன் தட்டுவான். அவனைக் கேட்டு இன்னொருவன். சற்று நேரத்தில் புற்று முழுவதும் தடதடவென்று அதிர்ந்தது. எல்லா வாசல்களிலிருந்தும் வீரர்கள் கிழக்கே ஓடினார்கள்.

முன்னால் ஓடியவன் அவர்கள் தலைவன் கொறடன். கரடி பிளவுக்குள் மூக்கை நுழைத்துக் காற்றை உறிஞ்சியது. நூற்றுக்கணக்கான கறையான்கள் அதன் வாய்க்குள் போனார்கள். போனவர்களும் சும்மா போகவில்லை. நாக்கைக் கடித்தார்கள். உதட்டைக் கடித்தார்கள். கொறடன் மூக்கின் உள்பக்கத்தைக் கவ்விப் பிடித்தான். செந்தலை அவன் பக்கத்திலேயே தொங்கினான். கரடி வலி தாங்காமல் தலையை உதறியது. அந்த உதறலில் கொறடனின் இடது தாடை முறிந்தது. கடைசியில் கரடி குளத்தில் மூக்கை முக்கிக்கொண்டு, இந்தப் பக்கமே வேண்டாம் என்று முனகியபடி ஓடிவிட்டது.

வீரர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் எழுநூறு பேர் அந்தப் பிளவில் விழுந்து கிடந்தார்கள்.

யாருக்கும் தெரியாத இன்னொன்றும் நடந்திருந்தது. அந்தக் கரடி வரும் வழியில் ஒரு உளுத்த மரத்தை நோண்டிவிட்டு வந்திருந்தது. அதில் பச்சைப் பூசணம் அப்பியிருந்தது. கரடியின் நகங்களில் ஒட்டிய பூசணத்தூள் பிளவின் மண்ணிலும், விழுந்து கிடந்தவர்கள் மேலும், உயிரோடு நின்றவர்கள் மேலும் படிந்துவிட்டது.

தும்பையும் மற்ற விழுங்கிகளும் அங்கே வந்தபோதே அவளுக்கு அந்த வாடை தட்டுப்பட்டது. அவள் முதல் வீரனின் பக்கத்தில் நின்று மூன்று முறை தொட்டாள். கால் அசையவில்லை. அவள் குனிந்தபோது கொறடன் குறுக்கே வந்து நின்றான்.

"யார் அது?"

"விழுங்கிகள், அண்ணே. நான் தும்பை."

"இங்கே உங்களுக்கு வேலை இல்லை. போங்க."

இவர்கள் மேல் பூசணத்தூள் இருக்கிறது, இன்றைக்கே எடுத்தால்தான் நல்லது என்று தும்பை சொன்னாள். நாளாகிவிட்டால் விழுங்கிகளாலும் தின்ன முடியாது என்பதையும் சொல்ல வாயெடுத்தாள். கொறடன் முடிக்க விடவில்லை.

"காலையில என் கூட ஓடி வந்தவங்க இவங்க. எல்லாரையும் காப்பாத்தினவங்க. குப்பையை அள்ளுற மாதிரி உங்க வாயில போகணுமா? நான் விடமாட்டேன்."

முறிந்த தாடையின் வலி அவனுக்கு இன்னும் உறைக்கவே இல்லை. ஒவ்வொரு உடம்பாகத் தொட்டுத் தொட்டு, வாசனையை வைத்து யார் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

தும்பைக்கு அவனோடு வாதாட மனம் வரவில்லை. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று நினைத்தாள். தன் வாயைப் பற்றி அவளுக்கே வெட்கமாக இருந்தது. மற்ற விழுங்கிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். அவர் மனசு ஒரு நாள் ஆறட்டும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொன்னாள்.

கொறடன் விழுந்தவர்களைச் சுமந்து வரச் சொன்னான். காளான் தோட்டத்தை ஒட்டி இருந்த நடுக்கூடத்தில் அவர்களை வரிசை வரிசையாகக் கிடத்தினார்கள். புற்றில் இருந்த எல்லோரும் வந்து மரியாதையாக நின்றுவிட்டுப் போனார்கள். கூடத்தைக் காவல் காக்கச் செந்தலை உட்பட இருபது வீரர்களைக் கொறடன் நிறுத்தினான். யாரும், குறிப்பாக விழுங்கிகள், உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டான்.

மறுநாள் நடுப்பகலுக்குள் முதல் உடம்பு ஊதி வெடித்தது.

அதற்குள் இருந்த காரமான சாறு தரையில் பரவியது. வீரன் ஒருவன் சண்டையில் அடிபட்டால் எந்த வாசனை வருமோ அதே வாசனை. அடுத்த சுரங்கத்தில் நின்ற காவலர்களுக்கு அது எட்டியது. எதிரி மறுபடி வந்துவிட்டான் என்று நினைத்துத் தலையைத் தட்டினார்கள். எல்லா வாசல்களிலிருந்தும் வீரர்கள் கூடத்துக்கு ஓடி வந்தார்கள்.

வந்து பார்த்தால் எதிரி இல்லை. ஆனால் வாசனை இருக்கிறது. அப்படியானால் எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்று கொறடன் முடிவு செய்தான். சந்தேகமாக எது நகர்ந்தாலும் கடிக்கச் சொன்னான்.

பிளவை அடைக்க மண் சுமந்து வந்த கொத்தனார்கள் மேல் அந்த வாசனை ஒட்டியிருந்தது. அவர்களைக் கடித்தார்கள். தோட்டத்துக்குப் போய்வந்த தோட்டக்காரர்களையும் கடித்தார்கள். கடிபட்டவர்கள் அங்கேயே விழுந்தார்கள். அவர்கள் உடம்பிலிருந்தும் சாறு ஒழுகியது. வாசனை கூடியது, தட்டல் கூடியது, இன்னும் வீரர்கள் வந்தார்கள்.

இத்தனை பேர் ஒரே இடத்தில் நெருக்கியதால் கூடம் கொதித்தது. சுவர்கள் வீங்கி வெடிப்பு விட்டன. காற்றுப் போக்கிகள் போதவில்லை. புற்றுக்கே காய்ச்சல் வந்ததுபோல் ஆனது. தாதிகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கீழ் அறைகளுக்கு ஓடினார்கள். கொத்தனார்கள் பயந்துபோய்ப் பிளவைப் பாதியில் விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில், வரிசையாகக் கிடந்த உடம்புகள் மேல் பச்சைப் பூசணம் முளைத்து, சுவர் ஓரமாகவே காளான் தோட்டத்துக்குள் நுழைந்தது.

தும்பை அன்று இரண்டு முறை கொறடனைத் தேடிப் போனாள். இரண்டு முறையும் கூட்டம் அவளை உள்ளே விடவில்லை. அவளோடு வந்த இரண்டு விழுங்கிகளைக் கடித்துப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை அவள் மனம் வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டது. செந்தலைக்கு இரண்டு நாளாக யாரும் ஊட்டியிருக்க மாட்டார்கள். அவனாகச் சாப்பிட அவனால் முடியாது. அவள் வயிறு நிறையக் காளானை எடுத்துக்கொண்டு, தோட்டத்தின் கூரையில் தொற்றி ஊர்ந்து, கூடத்தின் பின்வாசலுக்கு வந்தாள்.

செந்தலை சுவரில் சாய்ந்திருந்தான். அவள் வாயை அருகில் கொண்டுபோனதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேண்டாங்க்கா. எனக்கு ஊட்டி வீணாக்காத."

"என்னப்பா இது? ரெண்டு நாள் பட்டினி."

"நேத்திலிருந்து பின்னங்கால் மரத்துப்போச்சு. இன்னைக்கு நடுக்காலும் வரலை. என்கிட்ட வாசனை வருதா?"

"இல்லையே."

"உனக்குப் பொய் சொல்ல வராது."

பாதி வழி வரும்போதே அந்தப் புளித்த வாசனை தும்பைக்குத் தெரிந்திருந்தது. அது அவனுடையதாக இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் வந்தாள்.

செந்தலை மெதுவாகப் பேசினான். இரண்டு நாளாக இங்கேயே நிற்கிறேன், ஒவ்வொரு உடம்பு வெடிக்கும்போதும் தட்டல் ஆரம்பிக்கிறது, இங்கே எதிரி என்று யாரும் இல்லை, நம் ஆட்களின் வாசனையையே எதிரி என்று நினைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்றான். தலைவரிடம் சொல்லிப் பார்த்தானாம். தட்டல் சத்தத்தில் அவர் காதில் விழவில்லையாம்.

"பூசணம் என் உள்ளே போயிடுச்சு. நாளைக்கு நானும் வெடிப்பேன். என் வாசனையில இன்னும் நூறு பேர் ஓடி வருவாங்க. அதுக்கு முன்னாடி என்னை எடுத்துக்கோக்கா."

"முன்காலை அசைக்கிறவங்களை நான் தொடமாட்டேன். உனக்கே தெரியும்."

"தெரியும். அப்போ கூட இரு. கொஞ்ச நேரம்தான்."

தும்பை அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார அவளால் முடியவில்லை. அவன் தலையிலும் கழுத்திலும் ஒட்டியிருந்த பூசணத்தூளை நக்கி நக்கி விழுங்கினாள். அவனுக்கு இனி அதனால் பயனில்லை என்று தெரிந்தும் செய்தாள். அவன் கரடியின் மூக்கைப் பற்றிப் பேசினான். உள்ளே ஈரமாக, வழுவழுப்பாக இருந்ததாம். கரடி தும்மியபோது பறந்து போய் வெட்பாலை இலைமேல் விழுந்தானாம். புற்றுக்கு வெளியே ஒரு இலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்றான். நன்றாக இருந்தது என்றான்.

பிறகு பேச்சு நின்றது.

தும்பை மூன்று முறை தொட்டாள். முன்கால் அசைந்தது. அவளுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி தொட்டாள். கால் மிக லேசாக அசைந்தது. இன்னும் சற்று நேரம் கழித்துத் தொட்டாள். அசையவில்லை. வழக்கம் மூன்று முறைதான். அவள் நான்காவது முறையும் தொட்டாள், ஐந்தாவது முறையும் தொட்டாள்.

அதன்பின் அவள் தன் வேலையைத் தொடங்கினாள்.

பாதி வேலையில் தரை அதிர்ந்தது. கொறடன் வந்துவிட்டான். மிச்சமிருந்த ஒற்றைத் தாடையை அவள் கழுத்தில் வைத்து அழுத்தினான். பின்னால் இருபது முப்பது வீரர்கள் தலையைத் தட்டிக்கொண்டே வந்தார்கள்.

தும்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் செந்தலை பாதியில் சிந்திவிடுவான், அவன் பயந்தபடியே நடக்கும். எப்போதும்போல் பொறுமையாக, ஒரு துளி தரையில் விழாமல் எடுத்து முடித்தாள்.

அவள் உடம்பிலிருந்து அந்த மெல்லிய வாசனை எழுந்தது. பின்னால் நின்ற வீரர்களில் ஒருவன் தட்டுவதை நிறுத்தினான். அவன் நிறுத்தியது தெரிந்து அடுத்தவன் நிறுத்தினான். கொறடனின் தாடை அவள் கழுத்திலிருந்து மெல்லத் தளர்ந்தது. முந்தின நாள் நடுப்பகலுக்குப் பிறகு முதன்முறையாக அந்த இடத்தில் சத்தம் இல்லை.

"யார் அது?" என்று கொறடன் கேட்டான்.

"செந்தலை."

கரடியின் மூக்கில் தன் பக்கத்தில் தொங்கியவனைக் கொறடனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஏதாவது சொன்னானா?"

அவன் சொன்னதை எல்லாம் தும்பை சொன்னாள். எதிரி இல்லை என்றதையும் சொன்னாள், இலையைப் பற்றியும் சொன்னாள். கடைசியில் தன்னைப் பற்றியும் ஒன்று சொன்னாள்.

"மொத நாளே உங்ககிட்ட விடாம சொல்லியிருக்கணும் அண்ணே. உங்க மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன். இத்தனை பேர் போனதுல எனக்கும் பங்கு இருக்கு."

"உனக்கு இல்லை," என்றான் கொறடன். "நான் அவங்களுக்கு மரியாதை செய்யுறதா நினைச்சேன். இப்போ என்ன செய்யணும்னு சொல்லு."

"எங்களுக்கு வழி விடச் சொல்லுங்க. தட்டுறதை நிறுத்தச் சொல்லுங்க."

"ஆரம்பிக்கத்தான் எங்களுக்குத் தெரியும், தும்பை. நிறுத்தத் தெரியாது."

"நாங்க வேலை செய்யச் செய்ய அது தானா நிக்கும். நீங்க வழி மட்டும் விடுங்க."

கொறடன் திரும்பி வீரர்களின் முன்னால் நின்றான். விழுங்கிகள் யாரையும் ஒருவரும் தொடக்கூடாது என்றான். தொட்டால் தன்னைத் தாண்டித்தான் தொட வேண்டும் என்றான்.

முப்பத்துநான்கு விழுங்கிகளும் வந்தார்கள். கிடந்தவர்களோ ஆயிரத்துக்கு மேல். போதவே போதாது. தும்பை தோட்டக்காரர்களிடம் கேட்டாள், கொத்தனார்களிடம் கேட்டாள். முதலில் தயங்கினார்கள். இதுவரை அவளைக் கண்டு ஒதுங்கியவர்கள்தான் அவர்கள். ஒரு தோட்டக்காரி முன்னால் வந்தாள். அவளோடு ஒரே நாளில் பொரிந்த ஒருவன் அந்த வரிசையில் கிடந்தான். எப்படித் தொடுவது, எப்படிச் சிந்தாமல் எடுப்பது என்று தும்பை அவளுக்குக் காட்டினாள். பிறகு பலர் வந்தார்கள். விழுங்கிகள் பூசணத்தூளை நக்கி எடுத்த பிறகே மற்றவர்கள் மீதியை எடுத்தார்கள்.

நேற்றும் இன்றும் விழுந்தவர்களை எடுத்துவிட முடிந்தது. முதல் நாள் விழுந்த எழுநூறு பேர் மேல் மட்டும் பூசணம் தடித்துப் போயிருந்தது. அவர்களைத் தின்ன எந்த வயிற்றாலும் முடியாது. அவர்களைக் கூடத்தின் மூலையில் சேர்த்து, பூசணம் பிடித்த தோட்டத்தின் பாதியையும் வெட்டி அங்கேயே போட்டு, கொத்தனார்கள் சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். ஒரு சுவர் போதாது என்று மூன்று சுவர் எழுப்பினார்கள். முதல் நாளே எடுத்திருந்தால் நடுக்கூடமும் தோட்டமும் முழுதாக மிஞ்சியிருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒவ்வொருவராக எடுக்க எடுக்க அந்த அமைதியான வாசனை கூடத்திலிருந்து சுரங்கங்களுக்குப் பரவியது. தட்டல் முதலில் தெற்கே நின்றது, பிறகு மேற்கே, பிறகு எல்லா இடத்திலும். வீரர்கள் தங்கள் வாசல்களுக்குத் திரும்பினார்கள். நெருக்கம் குறைந்ததும் சூடு இறங்கியது. கொத்தனார்கள் பிளவை மூடினார்கள். தாதிகள் முட்டைகளைப் பழைய அறைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளில் புற்றின் காய்ச்சல் விட்டது.

விழுங்கிகளில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை. அளவுக்கு மீறிப் பூசணத்தை விழுங்கியிருந்தார்கள். அவர்களைத் தும்பையே எடுத்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு கொறடன் அந்த மூன்று சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். தும்பை அந்த வழியாக வந்தாள். அவன் ஒதுங்கவில்லை.

"இதுக்குள்ள இருக்கிறவங்களுக்குச் சுவராவது இருக்கு," என்றான். "நீங்க எடுத்தவங்களுக்கு ஒரு அடையாளமும் இல்லாமப் போச்சே. செந்தலைக்கு என்ன இருக்கு?"

"அவங்க எங்கேயும் போகலை அண்ணே," என்றாள் தும்பை. "நாங்க எடுக்கிறதை எங்க வயிறு வீணாக்காது. கெட்டதைக் கரைச்சிடும். நல்லதைத் தாதிங்ககிட்டக் கொடுப்போம். அவங்க அதைக் குஞ்சுங்களுக்கு ஊட்டுவாங்க. இந்த மாசம் பிறந்த குஞ்சுங்க எல்லாம் அவங்களாலதான் வளருது."

கொறடனுக்கு இது புது விஷயம். வீரர்கள் வாசலை விட்டு உள்ளே வருவதே அபூர்வம். குஞ்சுகள் அறைக்கு அவன் வாழ்நாளில் போனதில்லை.

அடுத்த நாள் தாதி ஒருத்தி குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெரிய தலை தட்டுப்பட்டது. ஏதாவது ஆபத்தோ என்று அவள் திடுக்கிட்டாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

"யாரையும் இல்லை," என்றான் கொறடன். "நீ ஊட்டு. நான் சும்மா நிக்கிறேன்."

அவன் வெகுநேரம் அங்கே நின்றான். குஞ்சுகள் சப்புக் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நம் உடம்பும் இந்தப் புற்றைப் போலத்தான். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளோடு சண்டை போட நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே ஓடுகின்றன. முதலில் ஓடுகிறவை சண்டையிட்டு அங்கேயே மடிகின்றன. அவற்றின் பின்னால் பெரிய விழுங்கும் அணுக்கள் வருகின்றன. அவை கிருமிகளை விழுங்குகின்றன, மடிகிற அணுக்களையும் சிந்தாமல் விழுங்குகின்றன, போதும் என்று உடம்புக்குச் சொல்கின்றன. அதன் பிறகே வீக்கம் வடிகிறது, புண் ஆறுகிறது.

சண்டைக்கு முதலில் ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையை, பின்னால் வந்து அதைச் சத்தமில்லாமல் முடித்துவைக்கிறவர்களுக்கும் காலம் தாழ்த்தாமல் கொடுக்க வேண்டும்.